மருமகன் எழுதுவது

ஹாமில்டன், கனடா
23-11-2022

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே குளிர் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். பொன்முடிக்கு ஏறும்போது நீங்கள் சுற்றிக்கொள்ளும் மஃப்ளரை இங்கே ஒரு நாய்க்குக் கட்டினால் அதுகூட முறைக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை, 19-ஆம் தேதி, விடியற்காலை 3.27. உங்கள் விதுராவில் அப்போது மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். எனக்குக் கிடங்கில் இரவு ஷிப்ட். கூட வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணரும் நானும் லாரி வாசலில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று பச்சை கலந்த வெள்ளை வெளிச்சம். எங்கள் இரண்டு பேர் நிழலும் பனித்தரையில் சரசரவென்று நகர்ந்தது. நிமிர்ந்தால் ஒரு நெருப்புக் கோளம் கிழக்கே பாய்ந்து அணைகிறது!

நான் வாயைப் பிளந்து நிற்க, அண்ணர் என்னை லாரிச் சக்கரத்துக்குப் பின்னால் இழுத்துப் போட்டார். "சத்தம் வரும், எண்ணு" என்று அவரே எண்ணத் தொடங்கினார். இருபதுவரை ஒன்றும் வரவில்லை. எழுந்து பனியைத் தட்டிக்கொண்டு, "செல் இல்லை தம்பி, இது வேறை ஏதோ. கோப்பி ஆறிப்போச்சு" என்றார். அவர் பழகியது பக்கத்தில் விழும் வெடி. இது பல கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது. சத்தம் தரைக்கு வர ஒரு நிமிடத்துக்கு மேலாகும். வந்திருந்தாலும் ஃபோர்க்லிப்ட் கூச்சலில் எங்கே கேட்க?

அது ஒரு மீட்டர்கூட இல்லாத கல்லாம். பெயர் 2022 டபிள்யூஜே1. அரிசோனா மலைமேலிருக்கும் தொலைநோக்கியில் மூன்றரை மணி நேரம் முன்னாலேயே கண்டுபிடித்து, எங்கே வரும் என்றும் கணக்குப் போட்டுவிட்டார்கள். விழுமுன்னே கண்டுபிடித்த கற்களில் இது ஆறாவதுதான். எங்கள் சூப்பர்வைசருக்கு மட்டும் தகவல் இல்லை. இடைவேளை நீண்டதற்குக் காரணம் கேட்டார். வானத்திலிருந்து கல் வந்தது என்று எழுத அவர் படிவத்தில் கட்டம் கிடையாது. சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள்.

எரிநட்சத்திரம் பார்த்தால் உடனே பச்சை மரத்தைப் பார்க்கவேண்டும் என்று அத்தை போனில் சொன்னார். நவம்பரில் இலையெல்லாம் உதிர்ந்து கிடக்கிறது. ஆபீசில் நிற்கும் பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரத்தைப் பார்த்துத் தோஷம் கழித்தேன்.

நீங்கள் உங்கள் டீக்கடையில் இதைச் சொல்லி, 2001 சிவப்பு மழைக் கதையைத் தொடங்குவீர்கள், தெரியும். சங்கனாச்சேரியில் ஜூலை 25 அன்று இடியும் வெளிச்சமும் வந்தபின் சிவப்பாய் மழை பெய்ததாகச் சொன்னார்கள். விண்கல் வெடித்த தூசி என்று திருவனந்தபுரத்துப் புவி அறிவியல் மையமே முதலில் சொன்னதும் உண்மை. ஆனால் பாலோட்டுத் தாவரவியல் தோட்டத்தார் அந்தச் சிவப்புத் துகளை வளர்த்துப் பார்த்து, மரப்பட்டையில் படரும் ஒருவகைப் பாசியின் வித்துகள் என்று கண்டார்களே! பாலோடு என்ன கனடாவிலா இருக்கிறது? பஸ் ஏறினால் வந்துவிடும் ஊர். அந்த முடிவு மட்டும் இன்றுவரை உங்கள் டீக்கடைக்கு வந்து சேரவில்லை.

டிசம்பர் 14 இரவு ஜெமினிட் எரிகற்கள் வரும். பத்து மணிக்கு மேல் நிலா ஏறிவிடும். அதற்குள் கடை விளக்கை அணைத்துவிட்டுக் கிழக்கே பாருங்கள். அன்றைக்குக் கல்லொன்றும் கீழே விழாது. என்றைக்காவது கறுத்த கல் ஏதும் விழுந்து கிடைத்தால், மஞ்சள் பூசிச் சாமியாக்கிவிடாமல் உங்கள் பக்கத்து மருதமலையிலிருக்கும் ஐசர் அறிவியல் கல்வி நிறுவனத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இப்படிக்கு,
மருமகன்