பதினாறும் பெற்று: நார்வே இரண்டாம் பிரிவுக் கால்பந்தின் ஜாதக பலன்

ஜாதகக் கட்டத்தில் வீடுகள் பன்னிரண்டு. நார்வே நாட்டின் இரண்டாம் பிரிவுக் கால்பந்து லீக்கில் வீடுகள் பதினாறு. கூடுதலாக நாலு வீடு எங்கிருந்து வந்தன என்ற ஐயத்தை இதுவரை எந்த ஆய்வாளரும் எழுப்பவில்லை. கோல் கணக்குப் பார்ப்பதிலேயே அவர்கள் காலம் போய்விட்டது. விடையோ கண்முன்னே கிடக்கிறது. 2015 முதல் அந்த லீக்கின் பெயர் ஓபோஸ் லீக். ஓபோஸ் என்பது ஆஸ்லோவில் 1929-இல் தொடங்கிய வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம். குடியிருப்பு கட்டுவதே தொழிலாக உள்ளவர்கள் பெயர் கொடுத்த இடத்தில் வீடு கூடாமல் என்ன செய்யும்?

அதற்கு முன்பும் பதினாறு அணிகள்தானே ஆடின என்று மறுப்பாரும் உளர். உண்மை. அப்போது பெயர் கொடுத்திருந்தது அடெக்கோ, கம்பெனிகளுக்குத் தற்காலிக ஆள் அனுப்பும் நிறுவனம். 'தற்காலிக' என்பதை வாசகர் முடிந்து வைத்துக்கொள்க, பின்னால் பயன்படும். சங்கம் வருவதற்கு முன்பே மனை பிரித்துப் போட்டிருந்தார்கள் என்பது எமது துணிபு.

இனி நூலுக்குள் புகுவோம். ஒவ்வோர் அணிக்கும் ஆட்டம் 30. லீக் முழுமைக்கும் 240. பனி விலகும் வசந்தத்தில் தொடங்கி, மறுபடி பனி இறங்கும் நவம்பரில் முடியும். முதல் இரண்டு வீடு உச்சம்: அங்கே நின்ற அணிகள் எலீட்டசேரியன் என்னும் மேல்பிரிவுக்கு ஏறும். கடைசி இரண்டு வீடு நீசம்: அடுத்த படிக்கு இறக்கம். மூன்று முதல் ஆறு வரை தவிப்பு. பதினாலாம் வீடு அதனினும் பெரிய தவிப்பு. ஏழு முதல் பதின்மூன்று வரை உள்ள வீடுகளில் நல்லதும் நடக்காது, கெட்டதும் நடக்காது. அவற்றில் குடியிருப்போருக்குப் பலன் சொல்லிக் காசு வாங்குவது தொழில் தர்மத்துக்கு விரோதம். ஆதலால் விட்டோம்.

இந்த ஜாதகத்தின் மூல தோஷம் முதல் வீட்டிலேயே இருக்கிறது. இந்த லீக்கில் முதலிடம் பெற்ற அணிக்குக் கிடைக்கும் பரிசு, லீக்கை விட்டு வெளியேற்றம். கடைசி இடம் பெற்ற அணிக்குக் கிடைக்கும் தண்டனையும் அதுவே. பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்வது மேல்பிரிவுகளில் பெரும் பெருமை. இங்கே அதற்கு வழியே இல்லை. 2017-இல் பூடோ கிளிம்ட், 2018-இல் வைக்கிங், 2019-இல் ஓலசுண்ட், 2020-இல் ட்ரொம்சோ, 2021-இல் ஹாம்காம், 2022-இல் பிரான், 2023-இல் ஃபிரெட்ரிக்ஸ்தாத், 2024-இல் வோலரெங்கா. எட்டு ஆண்டுக்கு எட்டுப் பேர். விவரம் அறியாதார் இதைப் போட்டியின் கடுமை என்று புகழ்வர். கடுமை ஒன்றும் இல்லை. வீட்டுவசதிச் சங்கத்தின் பெயரில் நடக்கும் லீக்கில் ஒருவருக்கும் சொந்த வீடு கிடையாது, அவ்வளவுதான். பதினாறு பேரும் வாடகைக்கு இருக்கிறார்கள். ஆனால் வாடகையை ஒழுங்காகக் கட்டியவனை முதலில் காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரரை இவ்வாய்வாளர் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. முடிந்து வைத்த 'தற்காலிக'த்தை வாசகர் இங்கே அவிழ்க்கலாம்.

ஓலசுண்ட் இதற்கு நல்ல உதாரணம். 2019-இல் பட்டம், 2020-இல் மேல்பிரிவில் கடைசி இடம், இறக்கம், 2021-இல் இங்கே இரண்டாமிடம், மறுபடி ஏற்றம், 2023-இல் மறுபடி இறக்கம். மாடியிலும் இல்லை, கீழேயும் இல்லை. மாடிப்படியிலேயே பாய் விரித்த அணி. ஸ்டாபெக்கும் அப்படித்தான், ஆனால் 2008-இல் நாட்டுக்கே சாம்பியனாக இருந்தவர்கள் என்பதால் அவர்களுடைய பாயில் கொஞ்சம் ஜரிகை உண்டு.

அடுத்து, காலக் கணக்கு. இதில்தான் நம்முடைய பஞ்சாங்கக்காரர்கள் யாராக இருந்தாலும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். ராகுகாலம் என்பது பகல் பொழுதை எட்டாக வகுத்து, கிழமைக்கு ஒரு பங்கு என்று ஒதுக்குவது. பகல் பன்னிரண்டு மணிநேரம் என்றால் ராகுவுக்கு ஒன்றரை மணி. ட்ரொம்சோ நகரம் ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கிறது. அங்கே மே 20 வாக்கில் தொடங்கி ஜூலை 22 வாக்கு வரை சூரியன் மறைவதே இல்லை. இருபத்து நான்கு மணிநேரப் பகலை எட்டால் வகுத்தால் ராகுகாலம் மூன்று மணி. முன்பாதி, இடைவேளை, பின்பாதி, காயத்துக்கான கூடுதல் நேரம், தோற்ற பயிற்சியாளரின் பேட்டி எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். உதயம் என்பதே இல்லாததால் அந்த மூன்று மணி எப்போது தொடங்குகிறது என்றும் சொல்ல இயலாது. 2020-இல் ட்ரொம்சோ இந்த லீக்கில் இருந்தது. கொரோனாவால் அந்த ஆண்டு ஆட்டங்கள் ஜூலையில்தான் ஆரம்பம். அதாவது, சரியாக இந்த மூன்று மணிநேர ராகுவின் வாயில். அப்படியிருந்தும் பட்டம் அவர்களுக்கே. எப்படி? தாமதமாகத் தொடங்கிய சீசன் டிசம்பர் வரை நீண்டது. ட்ரொம்சோவில் நவம்பர் கடைசியில் போகும் சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்பும். பகலே இல்லாத ஊரில் ராகுகாலம் ஏது? கோடையில் வாங்கியதைக் குளிர்காலத்தில் ராகு வட்டியோடு திருப்பிக் கொடுத்தான் என்க. அந்த அணியின் தற்காப்பு நன்றாக இருந்தது என்றும் சிலர் சொல்வர். இருந்திருக்கலாம்.

பதினாறு என்ற எண்ணின் ஆற்றலுக்குப் பெருஞ்சான்று ஒன்று உண்டு. 2016 மே 12, வியாழக்கிழமை, குருவின் நாள். ப்ரீனே என்ற சிற்றூரின் அணி ரான்ஹைமை எதிர்த்து ஆடியபோது, இடைக்காலப் பயிற்சியாளர் ஆல்ஃப் இங்வே பெர்ன்ட்சன் பதினைந்து வயதுப் பையன் ஒருவனை இறக்கினார். பையன் பெயர் எர்லிங் ஹாலண்ட். அந்த ஆண்டு இந்த லீக்கில் அவன் ஆடிய ஆட்டங்கள் 16. அடித்த கோல் 0. ப்ரீனே அந்த ஆண்டே கீழே இறங்கியது. இதே ஆள் 2022-23-இல் மான்செஸ்டர் சிட்டிக்காக இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் ஒரே சீசனில் 36 கோல் அடித்துச் சாதனை படைத்தார்.

இதற்கு இரண்டு விளக்கங்கள் சாத்தியம். ஒன்று, சிறுவன் வளர்ந்தான். இது எவரும் சொல்லக்கூடியது, ஆய்வுக்குக் கௌரவம் சேர்க்காதது, ஆகவே தள்ளுக. மற்றது, ரான்ஹைமின் தடுப்பாட்டக்காரர்கள் லிவர்பூலின் தடுப்பாட்டக்காரர்களை விடத் தேர்ந்தவர்கள். இதுவே கொள்ளத்தக்கது. ஆண்டு 2016, அணிகள் 16, ஆட்டங்கள் 16. 'பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க' என்று பெரியவர்கள் வாழ்த்துவார்கள். பையன் பதினாறு ஆட்டமும் பெற்றான். பெருவாழ்வும் பிறகு வந்தது. வாழ்த்தின் பதினாறு பேறுகளில் கோல் சேர்த்தி இல்லை. ஆதலால் வாழ்த்து பொய்த்ததாகாது.

ஆறாம் வீட்டுக்கு வருவோம். நம் சாத்திரத்தில் ஆறாமிடம் ருண ரோக சத்ரு ஸ்தானம். கடன், நோய், பகை மூன்றுக்கும் உறைவிடம். நார்வேக்காரர்கள் இதைப் படிக்காமலே கண்டுகொண்டிருக்கிறார்கள். முப்பது ஆட்டமும் ஆடி ஆறாமிடத்தில் முடித்த அணியை வீட்டுக்குப் போகச் சொல்வதில்லை. போ, ஐந்தாமவன் ஊருக்குப் போய் ஓர் ஆட்டம் ஆடு. வென்றால் நான்காமவன் ஊருக்கு. அங்கேயும் வென்றால் மூன்றாமவன் ஊருக்கு. அதிலும் பிழைத்தால், மேல்பிரிவில் பதினாலாம் இடத்தில் நிற்கும் அணியோடு இரண்டு ஆட்டம். நாலு பேர் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவதை அந்தப் பதினாலாமவர் சோபாவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஏழாமிடத்துக்காரர் அதே மாலையில் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். ஆறைவிட ஏழு சுகம் என்பது இவ்வாய்வின் துணைமுடிபு.

சோபா எப்போதும் காப்பாற்றாது. லில்லெஸ்ட்ரோம் 1975 முதல் மேல்பிரிவை விட்டு இறங்காத அணி. 2019-இல் பதினாலாம் வீட்டுக்கு வந்தது. கிறிஸ்தியான்சாந்தின் ஸ்டார்ட் அணியோடு முதல் ஆட்டம் 1-2, இரண்டாவது 4-3, கூட்டினால் 5-5. எதிராளி மண்ணில் அதிக கோல் அடித்தவர் யார் என்று எண்ணினார்கள். ஸ்டார்ட் மேலே போனது. கடைசி ஆட்டத்தில் நாலு கோல் அடித்து ஜெயித்த அணி அழுதுகொண்டே மைதானத்தை விட்டு வெளியேறுவதை எந்தக் கிரகம் செய்விக்கும் என்று யாம் பல நூல்களில் தேடினோம். சனியைத் தவிர வேறு யாருக்கும் அந்த நிதானம் வராது.

2021 இன்னும் விசேஷம். பெர்கன் நகரின் பிரான், 2007-இல் நாட்டுச் சாம்பியன். எதிரே கிரிம்ஸ்தாத் என்ற கடலோரச் சிறு பட்டணத்தின் யெர்வ். அந்த ஆண்டு ஒரே ஆட்டம் என்று வைத்தார்கள். கூடுதல் நேரம் முடிந்தும் 4-4. பெனால்டியில் 8-7. யெர்வ் ஏறியது, பிரான் இறங்கியது. அடுத்த ஆண்டு பிரான் இங்கே முதலிடம் பிடித்து மேலே போக, யெர்வ் மேல்பிரிவில் கடைசி இடம் பெற்றுக் கீழே வந்தது. ஓலசுண்டின் பாயை மிதிக்காமல் இருவரும் படியில் கடந்து போயிருக்க வேண்டும்.

கிரிம்ஸ்தாத் என்றதும் இலக்கியம் படித்தோர் நிமிர்ந்திருப்பர். ஹென்ரிக் இப்சன் 1844-இல், ஹாலண்ட் முதல் ஆட்டம் ஆடிய அதே பதினைந்து வயதில், அந்த ஊர் மருந்துக்கடைக்கு வேலை பழக வந்தவர். பிறந்த ஊர் ஷீன். ஷீனின் ஒட் அணி 2024-இல் மேல்பிரிவிலிருந்து இறங்கி 2025-இல் இந்த லீக்குக்கு வந்தது. எனவே இப்சனின் இரண்டு ஊருக்கும் இந்த வீட்டின் வாசல் தெரியும். அவர் 1879-இல் எழுதிய 'பொம்மை வீடு' நாடகத்தின் முடிவில் நோரா கதவைச் சாத்திவிட்டு வீட்டை விட்டுப் போகிறாள். ஏறினாளா, இறங்கினாளா? அரங்கங்களில் தீராத இந்த வழக்கில் எமது தீர்ப்பு: நேரடி ஏற்றம். பிளே-ஆஃப் ஆட வேண்டியவள் அவ்வளவு உறுதியாகக் கதவைச் சாத்த மாட்டாள்.

அணிகளின் குணங்களைச் சொல்லப் புகுந்தால் நூல் பெருகும். ரௌஃபோஸ் ஒன்றை மட்டும் சொல்கிறோம். 1896 முதல் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கும் ஊர் அது. அரங்கின் பெயர் நாம்மோ ஸ்டேடியம். நாம்மோ என்பது தோட்டாவும் குண்டும் செய்யும் கம்பெனி, அதில் நார்வே அரசுக்குப் பாதிப் பங்கு. ஒரு பக்கம் வீட்டுவசதிச் சங்கத்தின் லீக், மறு பக்கம் வெடிகுண்டுக் கம்பெனியின் அரங்கம்; கட்டுவாரும் தகர்ப்பாரும் ஒரே பட்டியலில். செவ்வாய் தோஷம் என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. ம்யோன்டாலன் அணி பழுப்புச் சட்டை போட்டு ஆடும். எந்தக் கிரகத்துக்கும் அந்த நிறத்தை ஒதுக்காததால் அதற்குப் பலன் இல்லை. கோங்ஸ்விங்கர் 1993-இல் யுவென்டஸோடு 1-1 என்று சமன் செய்த அணி, பூர்வ புண்ணியம்.

வீடியோ நடுவர் பற்றியும் இரண்டு வரி. அது 2023-இல் மேல்பிரிவுக்கு வந்தது, இந்த லீக்குக்கு வரவில்லை. 2025 ஜனவரியில் இரு பிரிவின் 32 கிளப்புகளும் கூடி, அதில் 19 அதை ஒழிக்க வேண்டும் என்றன. மார்ச்சில் நார்வே கால்பந்துச் சங்கத்தின் பொதுக்குழு 321-129 என்று அதை வைத்துக்கொண்டது. ஜனவரியில் வாக்களித்த கிளப்புகளில் பாதிக்கு அது கண்ணில்படாத ஒன்று. படாமலே ஆட்டுவிப்பது சாயாகிரகத்தின் இலக்கணம். ராகுவுக்கும் கேதுவுக்கும் அடுத்து மூன்றாவதாக இதைச் சேர்க்கலாம் என்று பஞ்சாங்கக்காரர்களுக்கு விண்ணப்பம்.

பரிகாரம். முதல் இரண்டு வீட்டார் சாமான் கட்டத் தொடங்குக. ஆறாம் வீட்டார் முடிந்தால் கடைசி ஆட்டத்தில் தோற்று ஏழுக்கு நகர்க. சாம்பியன் அணிக்கு அடுத்த ஆண்டு இந்த லீக்கில் ஒரு தோல்வியும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரத் தயார். தட்சிணையைப் பணமாகத் தர வேண்டாம். ப்ரீனே 2024-இல் இரண்டாமிடம் பெற்று மேலே போனது; 2025-இல் தோற்ற ஆட்டத்தில்கூடச் சிறப்பாக ஆடிய தன் கோல்கீப்பருக்கு நான்கு அட்டை முட்டை பரிசளித்தது. விவசாயிகளின் ஊர், டிராக்டரில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கவும் இடம் உண்டு. அந்த நான்கு அட்டையே எமக்கும் கட்டணம். பதினாலாம் வீட்டார் மட்டும் முட்டையை முன்கூட்டியே தந்துவிடுக.