டாஷ்போர்டுக்காரர்

எந்த அபார்ட்மென்ட்டிலும் இவர் ஒருவராவது இருப்பார். டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால், மோடத்தை ஒட்டி, உள்ளங்கை அகலத்தில் ராஸ்பெர்ரி பை என்கிற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதற்கு வீட்டில் 'டப்பா' என்று பெயர்; அவர் வாயில் 'சர்வர்'. அதில் என்ன ஓடுகிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கல்யாண ஆல்பம் பாதி ஏறியிருக்கிறது. மீதியை ஏற்றுவதற்குள் கண்காணிப்பு வேலை வந்துவிட்டது.

ஆரம்பத்தில் கறுப்புத் திரையில் 'டாப்' என்று அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 1984-இல் பிறந்த கட்டளை. சோறு போட அதுவே போதும். அப்புறம் 'எச்டாப்'. கலர் வந்தது, ஆசையும் வந்தது. பிரவுசரில் தெரிய வேண்டும், ஆனால் 'லைட்வெயிட்டாக' இருக்க வேண்டும் என்று கிளம்பினார். கிளான்சஸ் போட்டார், போர்ட் 61208. நெட்டேட்டா, 19999. காக்பிட், 9090. மாமனாரின் செல் நம்பர் நினைவில் நிற்காதவர், இவற்றைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். பிரொமீதியஸும் கிராஃபானாவும் ஏறியபோது 'லைட்வெயிட்' என்ற பேச்சே அடங்கிவிட்டது.

நாலு கோர் உள்ள பெட்டியில் லோடு 4-ஐத் தொட்டால்தான் கை நிறைய வேலை என்று அர்த்தம். இவருடையது 0.08-இல் ஈ ஓட்டுகிறது. டாஷ்போர்டைத் திறந்ததும் கோடு விருட்டென்று எழும்பும். ஏன் எழும்பியது என்று கண்டுபிடிக்க இன்னொரு டேபில் திறப்பார். இன்னும் எழும்பும்.

மெமரி விஷயம் தனி. லினக்ஸ், சும்மா கிடக்கும் மெமரியை டிஸ்க் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும். வேறு புரோகிராம் கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும். அதனால் 'ஃப்ரீ' குறைந்தால் பதற வேண்டாம், 'அவைலபிள்' எண்ணைப் பார்த்தால் போதும். இதை அவரே புதுப் பையன்களுக்கு அரை மணி நேரம் வகுப்பெடுப்பார். ஆனாலும் ராத்திரி பதினோரு மணிக்கு 'ஃப்ரீ' சுருங்கியிருப்பதைக் கண்டால் ரீபூட் செய்யக் கை துறுதுறுக்கும். செய்ய மாட்டார். செய்தால், நிற்காமல் ஓடிய நாள் கணக்கான அப்டைம் போய்விடுமே!

பை 80 டிகிரியைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எனவே அக்னி நட்சத்திரத்தில் வீட்டின் ஒரே டேபிள் ஃபேன் அதற்குத்தான்.

"ஏன்டா, அதுக்கு என்ன ஒடம்புக்கு?" என்பார் அம்மா.

"72 டிகிரிம்மா."

"அய்யய்யோ, கசாயம் வைக்கட்டுமா?"

(ஆபீசிலிருந்தும் பார்க்க வேண்டுமென்று பாஸ்வேர்டே போடாமல் ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடுகிற ரகமும் உண்டு. தன் சர்வரின் சுகத்தை ஊர் உலகமே விசாரிக்கட்டும் என்கிற தாராள மனசு.)

அலர்ட்டும் வைத்திருக்கிறார். டிஸ்க் நிறைந்தால் டெலிகிராமில் செய்தி, சூடு ஏறினால் செய்தி, சர்வர் படுத்தால் உடனே செய்தி. படுத்துவிட்டது என்று சொல்ல வேண்டிய புரோகிராமும் அதே பெட்டிக்குள்தான் குடியிருக்கிறது என்பது ஒரு சின்ன விஷயம். இன்று முழுக்க ஆபீசில் போன் ஒருமுறைகூடச் சிணுங்கவில்லை. கேன்டீனில் நாலு பேரிடம் அந்தப் பெருமையை அளந்துவிட்டு, சாயங்காலம் நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்குள் நுழைந்தார்.

"ஏங்க, பாப்பா யூனிபார்ம் அயர்ன் பண்றதுக்காகக் காலையிலயே அந்தப் பிளக்கைப் புடுங்கிட்டேன். உங்க டப்பா ஒண்ணும் சொல்லலியா?"