தாழம்பூவும் பச்சை விளக்கும்: அலுவலக ரவுட்டர் குறித்த ஓர் அடிமுடி ஆய்வு

திருவண்ணாமலை மாட வீதிகளைச் சுற்றியுள்ள ஆடிட்டர் அலுவலகம், அச்சகம், லாட்ஜ், இ-சேவை மையம் ஆகிய இடங்களில் ஓயாது நிகழும் ‘நெட் வரலை’ என்னும் நிகழ்வை அறிஞர் உலகம் இதுகாறும் உரியவாறு ஆராயவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு நிதியுதவி கோரப்படவில்லை, கோரினாலும் கிடைத்திராது.

கருதுகோள் இது: நெட் நின்றதும் அலுவலகம் இரு கட்சியாகப் பிரியும். மேலாளர் மொட்டைமாடிக்கு ஏறி, கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் கேபிளை அண்ணாந்து பார்ப்பார். கணக்கர் மேசைக்கு அடியில் புகுந்து பிளக்கை ஆட்டுவார். முன்னவர் முடி தேடும் அன்னம். பின்னவர் அடி தேடும் வராகம். இருவரும் வெறுங்கையோடு திரும்புவர் என்பதை இவ்வூராருக்குச் சொல்லவேண்டியதில்லை.

சிவனின் அடிமுடி தேடிய அந்தக் கதையில் பொய்ச்சாட்சி சொன்னது தாழம்பூ. அலுவலகத்தில் அப்பணி பச்சை விளக்குக்கு உரியது. “லைட்டு எரியுதே சார்!” என்ற வாக்குமூலத்தை ஆய்வாளர் ஏற்கலாகாது. கேபிளின் மறுமுனையில் இன்னொரு பெட்டி உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டுமே அவ்விளக்கு சாட்சி. அப்பெட்டிக்கு அப்பால் நடப்பது அதற்குத் தெரியாது. நம்பத்தக்க சாட்சி ஃபைபர் மோடத்திலுள்ள ‘லாஸ்’ விளக்கு: அது சிவப்பாக மினுங்கினால், வழியில் ஃபைபர் அறுந்தோ மடங்கியோ ஒளி வந்து சேரவில்லை. அக்னித் தலத்தில் ஒளி வராதது தனியே ஆராயத்தக்கது. நிற்க. பொய் சொன்ன தாழம்பூவைச் சிவபூசையில் சேர்ப்பதில்லை. பச்சை விளக்குக்கோ, ரவுட்டர் சாமி படத் தட்டிலேயே குடியிருப்பதால், தினமும் ஊதுவத்தி காட்டப்படுகிறது.

இனி மூலகாரணம். பழைய இணைய முகவரி முறையில் மொத்த முகவரிகளே சுமார் 429 கோடி. உலக மையக் கிடங்கில் எஞ்சியவையும் 2011 பிப்ரவரியில் தீர்ந்தன. இந்நெருக்கடியை முன்பே உணர்ந்தோர், அலுவலகம் முழுவதும் ஒரே முகவரியில் வெளியே போய்வரும் உத்தியை 1994-இல் எழுதிவைத்தனர். எந்தக் கணினி எதைக் கேட்டது என்று ரவுட்டர் குறித்துக்கொண்டு, வந்த பதிலை உரியவரிடம் சேர்க்கும். உள்ளே புழங்குவதற்கென்று அதே ஆண்டில் சில எண் வரிசைகள் ஒதுக்கப்பட்டன. அதனால்தான் தேரடி வீதி நகைக்கடையிலும் 192.168.1.1, செங்கம் சாலை அச்சகத்திலும் 192.168.1.1.

வினை இங்குதான். இணைப்புத் தந்தவர் வைத்த மோடமும் 192.168.1.1, அதன்பின் கடையில் வாங்கி மாட்டிய ரவுட்டரும் 192.168.1.1. ஒரே தெருவில் இரு வீடுகளுக்கு ஒரே கதவு எண் கொடுத்துவிட்டுத் தபால்காரரைத் திட்டுவதுபோல, ரவுட்டரைத் திட்டுகிறோம். ரவுட்டரின் உள்முகவரியை 192.168.2.1 என்று மாற்றினால் வழக்கு முடிந்தது.

பரிகாரத்தில் ‘அணைத்துப் போடுவோர்’, ‘கேபிளை ஆட்டுவோர்’ என இரு மரபினர் உளர். முன்னவரைப் படித்தவர்கள் ஏளனம் செய்வது அநியாயம். அணைத்துப் போட்டால் குழம்பிய குறிப்புகள் அழிந்து புதிய முகவரி கிடைக்கும். பாதி நோய் அதில் தீரும். இரண்டாம் மரபினர் பிளக்கைத் தளர்த்தியதன்றி வேறு சாதித்ததற்குச் சான்றில்லை.

கிரிவலத்தோடு ஓர் ஒப்பீடு தவிர்க்க இயலாதது. 14 கிலோமீட்டர் பாதையை அடியார் எத்தனை முறையும் சுற்றலாம்; தடையில்லை. தரவுப் பாக்கெட்டுக்கு அச்சலுகை கிடையாது. விண்டோஸ் கணினி பெரும்பாலும் 128 என்ற எண்ணைக் கட்டி அனுப்புகிறது. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்று குறைக்கும். பூஜ்யமானால் பாக்கெட் அவ்விடத்திலேயே கைவிடப்படும். அடியார் சுற்றினால் புண்ணியம், பாக்கெட் சுற்றினால் நெரிசல்.

பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் ஒரே சில டவர்களைப் பங்கிடுவதால் செல்போன் டேட்டா திணறும். ஃபைபருக்கு அந்தத் தொல்லை இல்லை. இவ்வுண்மையைக் கிரிவலத்துக்கு வரும் உறவினர்கள் நன்கு அறிவர். ஆகவே அலுவலகம் வைத்திருப்போர்க்கு ஒரு விண்ணப்பம்: இணைப்புக் கேபிளை ரவுட்டரில் வேறு நிறத்தில் தனித்திருக்கும் போர்ட்டிலேயே சொருகுங்கள், வைஃபை பாஸ்வேர்டைச் சதுர்த்தசிக்குள் மாற்றிவிடுங்கள்.