எதுவும் ஆகலாம்

கிழியாத காகிதத்தைக் கிழித்து, கிழித்ததை மறுபடியும் ஒட்டி, ஒட்டியதன்மேல் வர்ணம் பூசி, பூசியதை ஸ்கேன் செய்து கணினிக்குள் ஏற்றி, அங்கே அதன் நிறத்தையும் நிழலையும் மாற்றி, உலகத்தின் மறுகோடியில் உள்ளவர்களின் பார்வைக்கு அனுப்பிவைப்பதற்கு மிக்ஸ்டு மீடியா என்று பெயர் என்பதையும், அதற்குத் தலைப்புக் கொடுத்து வாரந்தோறும் இணையத்தில் போட்டி நடத்துகிறார்கள் என்பதையும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் நான் அறிந்துகொண்டேன். அதற்கு முன்பே அறிந்திருந்தால் உத்தியோகமே நிலைத்திராது என்பது என் மனைவியின் அபிப்பிராயம்.

போட்டி என்றவுடன் மல்யுத்தத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியதில்லை. 'சன்னல்' என்பார்கள், 'துரு' என்பார்கள், 'இறகும் நீலமும்' என்பார்கள். குறித்த நாளுக்குள் அதற்குப் பொருந்திய படத்தைச் செய்து அனுப்பவேண்டும். நம் புலவர்கள் ஈற்றடி வாங்கிக்கொண்டு வெண்பாப் பாடிய வியவகாரம்தான் இது. காளமேகத்தை மடக்குவதற்கென்றே ஏறுமாறானவற்றைத் தேடிப்பிடித்துப் பாடச் சொன்ன சபையோர் இன்று இருந்தால், தலைப்புக் கொடுக்கும் பதவியில்தான் அமர்ந்திருப்பார்கள். ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர், தம் மைக்கோட்டு வேலை தேறவேண்டும் என்று 2009-இல் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விரதம், 'இங்க்டோபர்' என்ற நாமத்துடன், அக்டோபர் மாதத்தின் 31 நாளும் நாளுக்கொரு மைச்சித்திரமாகத் தேசதேசாந்தரங்களில் அனுஷ்டிக்கப்படுகிறது. 2016 முதல் அதற்கும் நாளுக்கொரு சொல் கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் தபஸுக்கெல்லாம் என் சரீரம் இடங்கொடாது. வாரத்துக்கு ஒன்று என்பதே கிருகஸ்தனுக்கு உகந்த மார்க்கம்.

தலைப்பைப் படித்தவுடன் கலைஞனுக்குக் கற்பனை பிறக்கும் என்பது போட்டி நடத்துகிறவர்களின் நம்பிக்கை. என் அனுபவம் அதற்கு நேர்விரோதம். கற்பனை முன்பே பிறந்து வளர்ந்து, அலமாரியின் இரண்டாம் தட்டில் ஒரு பழுப்புக் கவருக்குள் காத்துக்கொண்டிருக்கிறது. தலைப்பு வந்து செய்வதெல்லாம், அதை வெளியே எடுப்பதற்கு ஒரு நியாயத்தைக் கற்பித்துக் கொடுப்பதுதான். கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் தடவிய மூலை, தீப்பெட்டி லேபிள், பஞ்சாங்கத்தின் கட்டம் போட்ட பக்கம், எல்லாவற்றுக்கும் மேலாக பஸ் டிக்கெட்டு! 'பயணம்' என்றால் பஸ் டிக்கெட்டு; 'காலம்' என்றாலும் பஸ் டிக்கெட்டு, பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்கள் அதை ஆட்சேபிக்கமாட்டார்கள். ஆலிஸின் அற்புத உலகக் கதைக்கு ஜான் டென்னியல் வரைந்து 1865-இல் வெளியான படங்கள் உரிமைக்காலம் கடந்து பொதுச் சொத்தாகிவிட்டபடியால், இப்போட்டிகளில் அவற்றை வெட்டாத கத்தரிக்கோல் அபூர்வம். கடிகாரத்தைப் பார்த்துப் பதறும் அந்த வெள்ளை முயலை நான் பஸ் நிறுத்தத்தில் நிற்கவைத்து, வானம் முழுவதையும் டிக்கெட்டுகளாலேயே வேய்ந்தேன். முயலின் பதற்றத்துக்கு அப்போதுதான் தக்க காரணம் கிடைத்ததென்று நினைக்கிறேன்.

மேல்நாட்டாருக்கு மிகவும் பிரியமான தலைப்பு 'பழமை'. அதற்காக அவர்கள் படும் பிரயாசையைக் கண்டால் இரக்கம் உண்டாகும். நேற்று வாங்கிய வெள்ளைத் தாளைத் தேநீரில் நனைத்து, உலர்த்தி, ஓரங்களை நகத்தால் பிய்த்து, மெழுகுவர்த்தியில் கருக்கி, நூறு வயதாக்குகிறார்கள். அவகாசமில்லாதவர்கள், பிறருடைய பாட்டன் எழுதிய கடிதங்களை மின்கோப்பாக விலைகொடுத்து வாங்குகிறார்கள். நம் வீட்டிலோ இவ்வளவு காரியத்தையும் சென்னையின் உப்புக்காற்றும் இராமபாணப் பூச்சியும் தட்சிணை எதிர்பாராமல் செய்து முடித்துவிடுகின்றன. என் பாட்டனாரின் நிலவரி ரசீதில் காணப்பட்ட ஓர வேலைப்பாட்டின் நுட்பத்தை வியந்து, எந்தக் கத்தரிக்கோலால் வெட்டினீர்கள் என்று ஓர் அயல்நாட்டு அம்மையார் கேட்டிருந்தார். பூச்சிக்குச் சேரவேண்டிய புகழை அடக்கத்துடன் ஏற்றுக்கொண்டேன்.

இந்தச் சேகரத்துக்கு வீட்டில் குப்பை என்று வேறொரு பெயர் வழங்குவதால், கலையின் சரித்திரத்தைத் துணைக்கு அழைக்கவேண்டிய அவசியம் அடிக்கடி நேரிடுகிறது. பிக்காஸோ 1912-இல், நாற்காலிப் பிரம்புப் பின்னலைப் போல அச்சடித்த மெழுகுத்துணியைத் தம் ஓவியத்தில் ஒட்டி, நிஜமான கயிற்றையே அதற்குச் சட்டமாகச் சுற்றினார் என்று எடுத்துரைத்தேன்.

"நம் வீட்டு நாற்காலியில் பிரம்பு அறுந்து தொங்குகிறதே, அதற்கு ஒரு துணி ஒட்டக்கூடாதா?" என்றாள் மனைவி.

ஜெர்மனியில் கர்ட் ஷ்விட்டர்ஸ் டிராம் டிக்கெட்டுகளைப் பொறுக்கி ஒட்டியே கீர்த்தி பெற்றார் என்றேன். "அவர் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையா?" என்று கேட்டாள். பேச்சை இங்கிலாந்துக்கு மாற்றினேன். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே மேரி டிலேனி என்ற மூதாட்டி, தம் 72-ஆம் வயதில் ஆரம்பித்து, வர்ணக் காகிதத்தைத் துணுக்குத் துணுக்காக நறுக்கிக் கறுப்புத் தாளில் ஒட்டி, கண்பார்வை மங்கும் வரையில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைந்த மலர்ப் படங்களைச் செய்ததையும், அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் பத்திரமாக இருப்பதையும் விஸ்தாரமாகச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த மியூசியத்துக்கு ஒரு கடிதம் போட்டுப் பார்க்கும்படியும், இடமிருப்பதாகப் பதில் வந்தால் அலமாரியோடு அனுப்பிவிடலாம் என்றும் அவள் சொன்னாள். தஞ்சாவூர்ப் படத்தில் பலகை, துணி, சுண்ணக் கலவை, தங்கரேக்கு, கண்ணாடிக் கல் என்று சகலமும் கலந்திருந்தும், அதை மிக்ஸ்டு மீடியா என்று யாரும் அழைக்காததனால்தான் பூஜையறையில் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது.

கணினி வேலையில் எனக்குக் குரு, என் பேத்தி. 1990-இல் வெளிவந்த ஃபோட்டோஷாப்பில் 1994 வரையில் லேயர் என்பதே கிடையாதாம். இப்போதோ, கண்ணாடித் தாள்களை அடுக்கினாற்போல ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். துருப்பிடித்த டிரங்குப் பெட்டியின் படத்தை மேலே வைத்து 'மல்டிப்ளை' என்று கட்டளையிட்டால், வெளுப்பெல்லாம் மறைந்து கறை மாத்திரம் கீழ்ப்படத்தில் படியும். ஊரார் பிறரைப் பற்றிப் பேசும்போதும் இந்த விதியே நடைமுறையில் இருக்கிறது. "லேயருக்கெல்லாம் பேர் வைங்க தாத்தா, இல்லேன்னா அப்புறம் தேடுவீங்க" என்று பேத்தி சொல்ல, தெய்வங்களின் திருநாமங்களைச் சூட்டினேன். எந்தத் தெய்வத்தை எதற்குக் கீழே வைப்பது என்ற தர்மசங்கடம் எழுந்தபோது, எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும் 'மெர்ஜ்' என்ற அத்வைத உபாயத்தை அவளே உபதேசித்தாள். செய்ததைச் செய்யாததாக்கும் 'அன்டூ' என்ற வரத்தைப் புராணங்களில் எந்த அசுரனும் கேட்காமல் போனது தேவர்கள் செய்த பாக்கியம்.

கெடு பெரும்பாலும் இங்கிலாந்துக் கணக்கில் நள்ளிரவு. குளிர்காலத்தில் அது நமக்கு விடியற்காலை 5.30 ஆகையால், முன்னோர்கள் ஜபத்துக்கு எழுந்த பிரம்ம முகூர்த்தத்தில் நான் எழுந்து படத்தை ஜேபெக் ஆக்குகிறேன். ஜெயித்தவர்களுக்குச் சன்மானம், வட்டமான ஒரு சிறு முத்திரைப் படம். "அதைக் காட்டினால் கடையில் என்ன தருவான்?" என்று மனைவி விசாரித்தாள். கலையில் லாபநோக்கம் கூடாது என்பதில் போட்டி நடத்துகிறவர்கள் வெகு கண்டிப்பானவர்கள்.

இவ்வளவு சௌகரியமான மார்க்கத்தில் கண்டகம் ஒன்றே ஒன்று உண்டு: சில வாரங்களில் 'எதுவும் ஆகலாம்' என்று தலைப்புக் கொடுத்துவிடுகிறார்கள். தாராள மனத்துடன் செய்யும் கொடுமை அது. கவர் முழுவதையும் தரையில் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தால், எடுப்பதற்கு நியாயம் இல்லாமையால் எதையும் எடுக்கக் கை வருவதில்லை. இந்த வாரமும் அதே தலைப்பு. "எது வேணும்னாலும் செய்யலாம்னு சொன்னப்புறம் என்ன தாத்தா கஷ்டம்?" என்கிறாள், பாலப்பருவத்துப் பேத்தி. கடைசியில் மனைவியையே அணுகி, எனக்கென்று ஒரு தலைப்புக் கொடுக்கும்படி வேண்டினேன். வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தாமல், "காலி அலமாரி" என்றாள்.

தலைப்பு மோசமில்லை, ஆனால் மிக்ஸ்டு மீடியாவுக்கு அது ஒத்துவராது.