விருந்தும் காக்டெயிலும்

கேள்வி: வீட்டுக்கு வரும் விருந்தினருக்கு நான் கலந்து கொடுக்கும் காக்டெயில் ஒருநாளும் ருசிப்பதில்லையே, என்ன செய்யலாம்?

பதில்: அலமாரியிலுள்ள சகல புட்டிகளையும் ஒரே கோப்பையில் சங்கமிக்கச் செய்வதே உபசாரத்தின் உச்சம் என்னும் பிரமையை விட்டொழித்து, கியூபா தேசத்தின் டைக்கிரியை அப்பியாசம் செய்யுங்கள். வெள்ளை ரம் 60 மில்லி, அப்போதே பிழிந்த எலுமிச்சைச் சாறு 25 மில்லி, சமபங்கு நீரில் கரைத்த சர்க்கரைப் பாகு 20 மில்லி ஆகிய மூன்றையும் தாராளமான ஐஸ் கட்டிகளோடு உலோக ஷேக்கரிலிட்டு, அதன் மேற்புறம் வெண்மை பூத்து விரல்கள் மரத்துப்போகும்வரை, சுமார் 12 விநாடி, பலமாகக் குலுக்கி, குளிர்ந்த கோப்பையில் வடித்துக் கொடுங்கள். ஐஸ் குளிர்ச்சியை மட்டுமன்றி, மதுவின் உக்கிரத்தைத் தணிக்கும் நீரையும் அளிப்பதால், அதில் லோபம் கூடாது. புகழுரையை முதற்கோப்பையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவதற்குப் பின் விருந்தினர் சொல்லும் சாட்சியம் எந்த நியாயஸ்தலத்திலும் செல்லாது.