மயிரிழைக் குழாயும் கணினியும்

கேள்வி: விழித்திரைப் படத்தில் மயிரிழை போன்ற ரத்தக்குழாயைக் கணினி எப்படி அடையாளம் காண்கிறது?

பதில்: குழாயின் போக்கிலேயே போனால் வெளிச்சம் அதிகம் மாறாது, குறுக்கே போனால் சட்டென்று மாறும். துப்பு அதுதான். ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சம் எவ்வளவு வளைகிறது என்று இரு திசைகளில் கணக்கிடுவார்கள். ஒன்று பெரிதாகவும் மற்றது பூஜ்யத்தை ஒட்டியும் இருந்தால் குழாய். இரண்டும் பெரிதென்றால் வெறும் பொட்டு. 1998இல் ஃப்ராங்கி குழுவினர் வெளியிட்ட வடிகட்டியின் அழகான அடிப்படை இது. தடித்த குழாயும் சன்னமானதும் தப்பாதிருக்க, பல அளவுகளில் தேடி வலுவான விடையை எடுத்துக்கொள்ளும். கிளை பிரியும் இடத்தில்தான் திணறும்: அங்கே கூடுவது ஒரு கோடல்ல, மூன்று! இன்று ஆழ்கற்றல் முந்திவிட்டது. அதற்கும் பாடம் சொல்ல, மனிதர் கையால் குழாய்களைக் குறித்த படங்கள் வேண்டும். நெதர்லாந்தின் நீரிழிவுக் கண் பரிசோதனைகளிலிருந்து தொகுத்த ‘ட்ரைவ்’ தொகுப்பில் அத்தகைய படங்கள் 40 உள்ளன.