ரீடு கொஞ்சம் லேட்டா பேசுது

மவுத் ஆர்கன் வாசிப்பவர்களை மேடையில் பார்க்கலாம். வாங்கிவைத்துவிட்டு வாசிக்காதவர்களை வீட்டு ஷோகேஸைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். இந்த இரண்டிலும் சேராத இன்னொரு இனம் உண்டு. இவர்கள் மவுத் ஆர்கனைக் கழற்றுபவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, டியூப்லைட்டுக்கு நேர் கீழே, சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து ஒருவர் மூச்சுப் பேச்சில்லாமல் குனிந்திருந்தால், அவர்தான்.

மேஜையில் கிடக்கும் சாமான்களை வைத்து அவருடைய தொழிலை ஊகிக்க முடியாது. மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ், பாதியாக ஒடித்த பிளேடு, பல்குச்சி, கண்ணாடித் துண்டில் ஒட்டிய உப்புத்தாள், வாட்ச்காரரிடம் கெஞ்சி வாங்கிய சாமணம். "வாட்ச் சாமான் எதுக்கு சார்?" என்று கேட்டுத் தொலைத்தால் முடிந்தது கதை. "ஹோனர் கம்பெனியை 1857ல ஜெர்மனியில ஆரம்பிச்சவரே கடிகாரக்காரர்தான்யா!" என்று தொடங்கி, 1896இல் வந்த மரைன் பேண்ட் மாடலின் ஜாதகம் வரைக்கும் போய்த்தான் நிற்பார். நடுவில் காபி வந்தால் நமக்கு மட்டும்தான். அவர் மேஜையில் திரவம் வைக்க அனுமதி இல்லை.

அந்த மரைன் பேண்டை அவர் திறக்கும் அழகே தனி. பேரிக்காய் மரச் சட்டத்தின் மேல் தகடுகளைக் குட்டி ஆணிகளால் அடித்திருப்பார்கள். கத்தி நுனியை உள்ளே விட்டு ஒவ்வோர் ஆணியையும் வலிக்காமல் நெம்பி எடுத்து, தெர்மாகோல் அட்டையில் அதே வரிசையில் குத்திவைப்பார். சம்பந்தி வீட்டாரைப் பந்தியில் உட்காரவைப்பதுபோல, யாரும் யாருடைய இடத்திலும் உட்கார்ந்துவிடக் கூடாது. பிறகு ரீடு தகட்டை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணை மூடுவார். பத்து ஓட்டை, இருபது ரீடு. ஊதும்போது பேசுவது பத்து, இழுக்கும்போது பேசுவது பத்து. ரீடின் நுனி தகட்டிலிருந்து இம்மியளவு தூக்கி நிற்க வேண்டும். மிகவும் ஒட்டிக் கிடந்தால் ஓங்கி ஊதும்போது வாயடைத்துப் போகும். அதிகம் தூக்கி நின்றால் ஊதுகிறவர் மூச்சைத் தின்றுவிடும். அந்த வெளிச்சக் கீற்றைப் பார்த்துக்கொண்டே பல்குச்சியால் தொட்டும் தொடாமலும் ஓர் அழுத்து. நகத்தால் சுண்டிவிட்டு ஒரு 'டொய்ங்'. அவர் முகத்தில் வரும் நிம்மதியைப் பார்த்தால், வாசிப்பதெல்லாம் எதற்கு என்று நமக்கே தோன்றும்.

அவரிடம் வாங்கி ஊதிப் பார்க்க ஆசைப்படுபவருக்கு முதல் கேள்வி, "வாயைக் கொப்புளிச்சாச்சா?" முறுக்குத் தூள் ஒன்று ரீடுக்கும் தகட்டுக்கும் நடுவே போனால் அந்தச் சுரம் ஊமையாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் கொப்புளித்துவிட்டு வந்த பிறகும் அவர் கொடுப்பதில்லை.

அடுத்தது சுருதி. நுனியில் சுரண்டினால் ஏறும். ரிவெட் அடித்த அடிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். கொஞ்சம் ஏறிவிட்டது என்று இறக்குவார், இறங்கிவிட்டது என்று ஏற்றுவார். இப்படியே ரீடு மெலிந்து ஒருநாள் சாமணத்தோடு வந்துவிடும். அரைச்சுரத்தை நூறாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு சென்ட். அவர் கணக்கு அதில்தான். "அஞ்சுல மூணு சென்ட் குறையுது" என்று யாரிடமோ போனில் கவலைப்பட்டதைக் கேட்ட மச்சினர், "எந்தப் பக்கம் அத்தான்? ரோடு முகப்பு உண்டா?" என்று ஓடி வந்தார்.

பக்கத்து வீட்டுப் பையனின் மவுத் ஆர்கனுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். அது ட்ரெமோலோ வகை. ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீடு; இரண்டுக்கும் நடுவே சுருதியில் கொஞ்சம் வேற்றுமையை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். அந்த இனிமையான நடுக்கம் அதிலிருந்துதான் வருகிறது. இது அவருக்கும் தெரியும். ஆனாலும் கண்ணெதிரே இரண்டு ரீடுகள் ஒத்துப்போகாமல் இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. இரவோடு இரவாக அத்தனை ஜோடிகளையும் சமாதானம் செய்துவைத்தார். காலையில் பையன் ஊதினான். சுத்தமான சுருதி, நடுக்கம் சுத்தமாகப் போய்விட்டது. பையன் அழுத அழுகையில்தான் கொஞ்சம் ட்ரெமோலோ மிச்சம் இருந்தது.

இந்த வருஷம் மழைக்காலம் முழுக்க அவரை ஆட்டிவைத்தது கரகரப்பிரியா. பத்து ஓட்டை மவுத் ஆர்கனில் நாலாம் ஓட்டை ஊதலை ஸட்ஜமாக வைத்தால் கிடைப்பது சங்கராபரணம். கரகரப்பிரியாவுக்கு வேண்டிய காந்தாரமும் நிஷாதமும் அங்கே கிடையாது. அமெரிக்காவின் ஹோவர்ட் லெவி பிரபலமாக்கிய 'ஓவர்ப்ளோ' என்றொரு வித்தை உண்டு. ஊதும் ரீடை அடக்கி, இழுப்புக்கு உரிய ரீடை ஊதியே பேசவைப்பது. நாலிலும் ஆறிலும் அப்படிச் செய்தால் அந்த இரண்டு சுரங்களும் கிடைத்துவிடும். ஆனால் அதற்கு இடைவெளி மயிரிழை பிசகக் கூடாது. ரீடு ஓடும் துளையின் விளிம்பையும் தேய்த்து நெருக்கினால்தான் காற்று வீணாகாது. தேய்த்தார், நெருக்கினார், ரீடு உரசியது, மறுபடி அகட்டினார். வீட்டில் தீபாவளி வந்ததும் போனதும் அவருக்குத் தெரியாது.

மாடியில் குடியிருக்கும் பாட்டு டீச்சர் ஒருநாள் எட்டிப்பார்த்தார். "எதுக்கு சார் இவ்வளவு கஷ்டம்? நாலாம் ஓட்டையை இழுத்தா வர்ற ரிஷபத்தையே ஸட்ஜமா வெச்சுக்கிட்டு மேலே போங்களேன். சங்கராபரணத்தைக் கிரக பேதம் பண்ணினா கரகரப்பிரியாதானே?"

அவர் நாலின் இழுப்பில் தொடங்கி எட்டின் இழுப்பு வரை போய்ப் பார்த்தார். ஒரு ரீடையும் தொடாமல் முழு கரகரப்பிரியாவும் வந்து நின்றது. இப்படியொரு செய்தி வாசிக்கிறவருக்கு லாட்டரி. இவர் முகம் செத்துவிட்டது. சிறிது நேரம் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "அது குறுக்கு வழிம்மா" என்றார். அடுத்த ஞாயிறு மறுபடி ஆணிகள் தெர்மாகோலில் ஏறின. நாலாம் ஓட்டை இழுப்பு கொஞ்சம் லேட்டாகப் பேசுகிறதாம்.

அவர் ஒரு பாட்டை முழுதாக வாசித்துக் கேட்டவர் எவருமில்லை. பல்லவி இரண்டாவது வரிக்குப் போவதற்குள் ஏதாவது ஒரு ரீடு அவர் மனதை நோகடித்துவிடும்.

இப்போது அவர் பார்வை தெருக்கோடிப் பஜனை மடத்தின் மேல் விழுந்திருக்கிறது. ஹார்மோனியத்திலும் காற்றில் துடிப்பது பித்தளை ரீடுதான்; எண்ணிக்கையும் மிக அதிகம். போன சனிக்கிழமை பஜனை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது, அவர் மெல்ல முன்னால் நகர்ந்து, "மத்திய ஸ்தாயில ஒண்ணு மட்டும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். ஹார்மோனியக்காரர் அவர் கையில் இரண்டு தொன்னைச் சுண்டலைத் திணித்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டார். அவர் வீடு எதிர்ச்சந்தில்தான் இருக்கிறது.